டை ஸ்கேனும் சிவப்புப் புள்ளியும்: டெக்னாலஜிஸ்ட்டிடம் வேலையை ஒப்படைக்கும் முறை

ஒரே ரேடியாலஜிஸ்ட் (படங்களைப் படிக்கும் டாக்டர்) ரிப்போர்ட் எழுதிக்கொண்டே டை ஊசிக்கும் (படம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் ஏற்றும் மருந்து) ஓடுகிற ஸ்கேன் சென்டர்களில், சில வேலைகளைப் படம் எடுக்கும் டெக்னாலஜிஸ்ட்டிடம் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் நிறுத்தி டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதை எழுதிக் கையில் கொடுத்த பிறகே தொடங்க வேண்டும்.

கொடுக்கவே கூடாதது அல்ட்ராசவுண்ட். வெளிநாடுகளில் சோனோகிராபர்கள் (டாக்டர் அல்லாத, அல்ட்ராசவுண்ட் எடுக்கப் பயிற்சி பெற்றவர்கள்) செய்கிறார்கள் என்பது இங்கே செல்லாது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய தகுதியுள்ள டாக்டர்தான் புரோபை (உடலில் வைத்து நகர்த்தும் கருவி) பிடிக்க வேண்டும். மீறினால் மெஷினுக்கு சீல், சிறை. ரிப்போர்ட்டில் கையெழுத்தும் டாக்டருடையதே.

முதலில் கொடுக்க ஏற்றது படத்தின் தரத்தை முடிவுசெய்வது. மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரலின் உச்சியும் கீழ் மூலைகளும் விழுந்திருக்கின்றனவா, காரை எலும்புகளின் உள்முனைகள் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று நோயாளி அறையை விட்டுப் போகுமுன் பார்த்துவிட வேண்டும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவரை நாளைக்கு வாருங்கள் என்பது அநியாயம். திரும்ப எடுத்தால் காரணத்தோடு நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் பயிற்சி எங்கே தேவை என்று அந்த நோட்டே காட்டிவிடும்.

அதிகக் கவனம் வேண்டியது சி.டி. டை. கேனுலா (டை ஏற்றக் கையில் குத்தும் குழாய்) போடுவது நர்ஸிடமே இருக்கட்டும். கேள்விகள் கேட்பதும் டையைச் செலுத்தும் இன்ஜெக்டர் மெஷினை இயக்குவதும் டெக்னாலஜிஸ்ட்டுக்கு. முன்பு டை ஒத்துக்கொள்ளாமல் போனதா? ஆஸ்துமா உண்டா? கர்ப்பமா? சர்க்கரை நோய் மாத்திரை மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா? சிறுநீரக ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் எவ்வளவு? முன்பு அலர்ஜி வந்திருந்தாலோ, இ.ஜி.எஃப்.ஆர். (கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் அளவு) 30-க்குக் கீழே இருந்தாலோ டாக்டர் சொல்லாமல் ஊசி கிடையாது. மீன், இறால் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக மட்டும் ஸ்கேனை நிறுத்த வேண்டியதில்லை. இந்தப் பயம் இன்னும் பல இடங்களில் தேவையில்லாமல் ஓடுகிறது.

ரத்தக்குழாய் ஸ்கேனுக்கு வினாடிக்கு 4, 5 மில்லி போகும். அதற்கு முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் கேனுலா வேண்டும் (கேஜ் எண் கூடக் கூடக் குழாய் மெல்லியது). புறங்கையில் இருக்கும் 22 கேஜில் அந்த வேகம் கொடுத்தால் ரத்தக்குழாய் உடைந்து டை சதைக்குள் இறங்கும். முதலில் 10 மில்லி சலைனைக் கையால் செலுத்தி, வீக்கமோ வலியோ இல்லையென்று உறுதிசெய்யுங்கள். டை வெளியேறினால் உடனே நிறுத்தி, கையை உயர்த்தி, ஐஸ் ஒத்தடம். விரல் மரத்தாலோ, தோல் கொப்பளித்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ சர்ஜனைக் கூப்பிட வேண்டும்.

மூச்சுத்திணறலோ ரத்த அழுத்தச் சரிவோ வந்தால் பெரியவர்களுக்கு 1:1000 அட்ரினலின் 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அந்த ஆம்பூல் ஸ்கேன் அறை டிரேயிலேயே இருக்க வேண்டும், பார்மசியில் இருந்து பயனில்லை. ஊசி முடிந்து அரை மணி நேரம் உட்கார வைத்த பிறகே மலைப்பாதை பஸ்ஸுக்கு அனுப்புங்கள்.

அடுத்தது சிவப்புப் புள்ளி. 1980-களில் லண்டனில் தொடங்கிய வழக்கம் இது: சந்தேகமான எக்ஸ்ரேயில் டெக்னாலஜிஸ்ட் ஒரு அடையாளம் இடுவார், டாக்டர் அதை முதலில் பார்ப்பார். நுரையீரலைச் சுற்றிக் காற்று, உதரவிதானத்துக்குக் கீழே காற்று, எலும்பு முறிவு, சி.டி.யில் மூளை ரத்தக்கசிவு என்று சிறிய பட்டியலோடு தொடங்குங்கள். உயிருக்கு ஆபத்தானவற்றுக்கு அடையாளம் மட்டும் போதாது, உடனே போன். பேசிய நேரமும் பதிவாக வேண்டும். இதில் நடக்கும் பெரிய தவறு, புள்ளி இல்லாத படத்தை நார்மல் என்று டியூட்டி டாக்டர் எடுத்துக்கொள்வது. புள்ளி இல்லையென்றால் இன்னும் யாரும் படிக்கவில்லை என்றுதான் பொருள். அதை அவரிடம் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். நோயாளியிடமும் டெக்னாலஜிஸ்ட் முடிவு சொல்லக் கூடாது.

மாதம் ஒருமுறை புள்ளிகளையும் ரிப்போர்ட்டுகளையும் அருகருகே வைத்து, தவறவிட்ட படங்களை ரேடியாலஜிஸ்ட்டும் டெக்னாலஜிஸ்ட்டும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். திட்டுவதற்காக அல்ல, திட்டினால் அடுத்த மாதம் பயத்தில் எல்லாப் படத்திலும் புள்ளி விழும்.

இரவில் கட்டடத்தில் டாக்டர் இல்லாத நேரம் டை போடும் அனுமதி தானாக ரத்து. டை இல்லாத பிளெயின் ஸ்கேன் நடக்கட்டும்.