டெல்டா வீடுகளில் ஏர் கூலர்: பழுதறிதலும் பராமரிப்பும்

ஏர் கூலர் குளிர்விக்கவில்லை என்று மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் அறையின் சன்னலைப் பாருங்கள். நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால்தான் இக்கருவி குளிர்ச்சி தருகிறது. அந்த ஈரக்காற்று வெளியேற வழியில்லாமல் ஏசி அறையைப் போலக் கதவடைத்து ஓட்டினால் சிறிது நேரத்தில் புழுக்கமே மிஞ்சும். கூலரின் பின்புறம் வெளிக்காற்று படும்படி சன்னலோரம் வைத்து, எதிர்ப்புறச் சன்னலைத் திறந்துவிட வேண்டும்.

அடுத்தது ஈரப்பதம். தஞ்சாவூரில் அக்னி நட்சத்திர நண்பகலில் வெப்பம் 38 டிகிரியும் ஈரப்பதம் 40 சதவீதமும் இருந்தால், நல்ல நிலையிலுள்ள கூலர் ஏறக்குறைய 29 டிகிரிக் காற்றைத் தரும். நாகப்பட்டினத்தில் கடற்காற்று ஏறியபின் 33 டிகிரியும் 75 சதவீதமுமாக இருக்கும்போது அதே கூலரால் 3 டிகிரி குறைக்க முடிந்தாலே அதிகம். அந்த நேரத்தில் பம்பை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட்டுவதே புத்திசாலித்தனம். எந்த மெக்கானிக்காலும் இதைச் சரிசெய்ய இயலாது.

உண்மையான பழுதுகளில் பெரும்பகுதி உப்பினால் வருபவை. கடலோர ஊர்களின் போர் தண்ணீரை ஊற்றும்போது, நீர் ஆவியாகிப் போக உப்பு தொட்டியிலேயே தங்கி நாளுக்கு நாள் செறிவாகிறது. நீரில் நனைந்து காற்றைக் குளிர்விக்கும் பேடுக்கு மேலுள்ள நீர்த்தட்டின் துளைகள் வெள்ளைப் படிவால் அடைபட்டால், அத்துளைகளுக்கு நேர் கீழே பேடில் காய்ந்த கோடுகள் தெரியும். வெப்பக்காற்று அவ்வழியே குளிராமல் உள்ளே நுழைகிறது. துளைகளைத் தென்னை ஈர்க்கினால் குத்திவிட்டு, பேடை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையாக அலச வேண்டும். கழிவறை ஆசிட் வேண்டவே வேண்டாம். குறைந்த உப்புள்ள குழாய்த் தண்ணீர் கிடைத்தால் அதையே கூலருக்கு ஒதுக்குங்கள்.

பம்ப் நீரேற்றாவிட்டால், பிளக்கைக் கழற்றிய பிறகு அதன் அடிவலையில் சேர்ந்த தூசியை அகற்றுங்கள். நீரின்றி ஓடும் பம்ப் கருகிவிடும். விசிறி சுழலாமல் உறுமினால் பெரும்பாலும் மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கெபாசிட்டர் போயிருக்கும். அதே மைக்ரோஃபாரட் அளவில் எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றிக்கொள்ளவும். இரும்பு உடல் கொண்ட கூலரை எர்த் இணைப்பில்லாத சாக்கெட்டில் ஒருபோதும் செருகக் கூடாது.

வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, உட்சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். இதனால்தான் ஐப்பசி மழைக்கு முன் கூலரைக் கட்டிவைக்கும்போது, பம்பை நிறுத்தி விசிறியால் பேடை முழுவதும் உலர்த்தி, தேய்த்த தொட்டியைத் துடைத்த பிறகே பழைய வேட்டியால் மூட வேண்டும். பிளாஸ்டிக் உறையில் பூஞ்சை பிடிக்கும்.