மைனர் ஹோர்ன் ஊமையா? புதிது வாங்கமுதல் ஒரு பல்பை எடுங்கள்

மாரி மழை முடிந்து, மட்டக்களப்பு கல்லடியில் கொட்டிலுக்குள் நின்ற எங்கள் பழைய மோறிஸ் மைனர் காரை வெளியே எடுத்தேன். எஞ்சின் இரண்டாம் தரத்திலேயே பிடித்துவிட்டது. ஹோர்ன்தான் ஊமை. மல்ரிமீற்றரை ஹோர்னுக்கு வரும் வயரில் வைத்தேன், 12 வோல்ற் காட்டியது. கரண்ட் வருகிறது, ஆகவே ஹோர்ன் செத்துவிட்டது என்று தீர்ப்பெழுதி, கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து புதிதொன்று எடுப்பித்துப் பூட்டினேன். அதுவும் ஊமை. பக்கத்து வளவில் இருக்கும் பழைய மெக்கானிக் ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "மீற்றர வெச்சிரு மனே. பிரேக் லைற் பல்பொண்டு கொண்டா."

மீற்றர் பொய் சொல்லவில்லை, நான்தான் பிழையாக வாசித்தேன். பாசி பிடித்து அடைத்த குழாயிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும்; பைப்பை மூடி வைத்திருந்தால் உள்ளே அமுக்கம் இருக்கும். திறந்து குளிக்கப் போனால்தான் விஷயம் தெரியும். களிம்பேறிய வயர் மூட்டும் அப்படித்தான். மீற்றர் எடுக்கும் துளிக் கரண்டுக்கு அது வழிவிடும், ஹோர்ன் கேட்கும் கரண்டுக்கு விடாது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற எங்கள் ஊரில் உப்புக் காற்றுக்குத் தப்பிய மூட்டு அபூர்வம்.

ஆகவே முதல் வேலை, ரெஸ்ற் லாம்ப், அதாவது கரண்டைச் சோதிக்கும் விளக்கு, செய்வது. 12 வோல்ற், 21 வொட் பிரேக் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு நீள வயர், நுனியில் முதலை கிளிப். எல்ஈடி பல்பு வேண்டாம். அது துளிக் கரண்டிலேயே பளிச்சென்று எரிந்து, என் மீற்றரைப் போலவே உங்களை ஏமாற்றும்.

1948 முதல் 1971 வரை வந்த மைனர்களில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் வண்டியின் இரும்புப் பாடியோடு தொடுத்து எர்த் ஆகியிருக்கும். பின்னர் ஓல்டர்னேற்றர் பூட்டி நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றிய வண்டிகளும் உண்டு. பல்புக்கு இதெல்லாம் ஒன்றுதான். மீற்றர் பாவித்தால் கழித்தல் குறி காட்டக்கூடும், பதறவேண்டாம்.

கரண்ட் போகும் வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பற்றரியிலிருந்து பியூஸ் பெட்டியின் ஏ1 முனைக்கு வந்து, பியூஸைத் தாண்டி ஏ2, அங்கிருந்து ஹோர்ன், ஹோர்னிலிருந்து பட்டன். பட்டனை அமத்தும்போது அந்த வயர் பாடியைத் தொடுகிறது, அவ்வளவுதான். அதாவது ஹோர்னில் எப்போதும் கரண்ட் நிற்கும், பட்டன் எர்த்தை மட்டும்தான் கொடுக்கும். திறப்புப் போடாமலே மைனர் ஹோர்ன் அடிப்பது இதனால்தான்.

எல்லோரும் பியூஸில் தொடங்குவார்கள். நான் ஹோர்னில் தொடங்கச் சொல்வேன், பாதி வழி ஒரே சோதனையில் கழிந்துவிடும். லாம்பின் ஒரு கிளிப்பை, பெயின்ற் சுரண்டிய சுத்தமான பாடி இரும்பில் பிடியுங்கள். மற்றதால் ஹோர்னின் இரண்டு முனைகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள்.

இரண்டிலும் எரிகிறதா? ஹோர்ன் வரைக்கும் கரண்ட் ஒழுங்காக வருகிறது, உள்ளே கொயிலும் (கம்பிச் சுருள்) அறவில்லை. இரண்டாவது முனையில் ஒல்லுப்போல மங்கலாக எரிந்தால் பயமில்லை, கரண்ட் கொயிலுக்குள்ளால் வருகிறது. ஒன்றில் மட்டும் எரிந்தால் பிழை ஹோர்னுக்குள். இரண்டிலும் எரியாவிட்டால், அல்லது இரண்டிலும் சிவந்து மினுங்கினால், பிழை பின்னால், பியூஸ் பக்கம்.

எனக்கு மினுங்கியது.

அப்போது பியூஸ் பெட்டிக்குப் போங்கள். ஏ1, ஏ2 இரண்டிலும் லாம்பை வைத்துப் பாருங்கள். ஏ1 இல் எரிந்து ஏ2 இல் எரியாவிட்டால் பியூஸ் போயிற்று, அல்லது அதைப் பிடிக்கும் கிளிப் துருப்பிடித்திருக்கிறது. கழற்றி, சாண்ட் பேப்பரால் தேய்த்து, 35 அம்பியர் கண்ணாடிப் பியூஸ் போடுங்கள். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றும் வித்தை வேண்டவே வேண்டாம்; அறுபது வருஷத்து வயர், எரிந்தால் வண்டியோடு எரியும். ஏ1 க்கு முன்னால் பியூஸ் எதுவும் இல்லை, அங்கே ஸ்குறூ டிரைவர் பாடியில் பட்டால் பொறி பறக்கும்.

ஏ2 இல் நன்றாக எரிந்தும் ஹோர்னில் எரியாவிட்டால் நடுவில் உள்ள மூட்டுகள்தான். கறுப்பு றப்பர் குழாய்க்குள் குண்டு போல இரண்டு நுனிகள் செருகியிருக்கும். இழுத்துப் பாருங்கள். என்னுடையதில் பச்சைப் பொடி கொட்டியது. தேய்த்து, கொஞ்சம் வஸ்லின் பூசிச் செருகினேன். பழைய ஹோர்னைத் திரும்பப் பூட்ட, அது கல்லடிப் பாலம் வரைக்கும் கேட்கிற மாதிரி அலறியது. புதிது இன்னும் பெட்டியோடு டிக்கியில் கிடக்கிறது.

ஹோர்னில் இரண்டு முனையும் எரிந்தும் சத்தம் இல்லையென்றால் பட்டன் பக்கத்தைச் சோதியுங்கள். பட்டன் வயரைக் கழற்றிவிட்டு, அது இருந்த முனையை ஒரு துண்டு வயரால் பாடியில் தொடுங்கள். எந்த முனை என்பதில் கவனம்: கரண்ட் வரும் மற்ற முனையைத் தொட்டால் பியூஸ் போகும். ஹோர்ன் அடித்தால் பிழை பட்டனில். இனி லாம்பின் ஒரு கிளிப்பைக் கரண்ட் வரும் முனையிலும் மற்றதைக் கழற்றிய பட்டன் வயரிலும் பிடித்து, யாரையாவது பட்டனை அமத்தச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பட்டனைக் கழற்றித் தகடுகளைத் தேய்க்கவேண்டியதுதான். சில வருஷத்து மைனரில் பட்டன் ஸ்டியரிங் நடுவில் இல்லாமல் சிக்னல் தடியின் நுனியில் இருக்கும்.

எர்த்தில் தொட்டும் "டிக்" என்று மட்டும் சொன்னால் ஹோர்னின் சத்தத்தைச் சரிக்கட்டும் ஸ்குறூவைத் திருப்பலாம். முதலில் அது நிற்கும் இடத்தைப் பேனையால் குறியுங்கள். மறுகா ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், ஒவ்வொரு தரமும் அடித்துப் பாருங்கள்.

பட்டனைத் தொடாமலே விடாமல் அலறினால் ஆராய்ச்சி பிறகு, முதலில் பியூஸைக் கழற்றுங்கள். பட்டன் வயர் எங்கோ தோல் உரிந்து பாடியில் உரசுகிறது. பெரும்பாலும் ஸ்டியரிங் தண்டுப் பக்கம், திருப்பும்போது இழுபடும் இடத்தில்.