டவருக்கு ஒரு கார்டு, சர்வருக்கு வேறு கார்டு

கட்டட வடிவமைப்புக்கான டவர் கம்ப்யூட்டருக்கு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப்போகிறீர்களா? முதலில் கார்டின் மெமரியைப் பாருங்கள், விலை அப்புறம். என்விடியா ஆர்டிஎக்ஸ் ஏ4000-ல் 16 ஜிபி, 140 வாட். ஏ6000-ல் 48 ஜிபி, 300 வாட். உங்கள் கட்டடத்தின் 3டி மாடல் 16 ஜிபிக்குள் அடங்கினால் பெரியதில் காசைக் கொட்டாமல் நல்ல யுபிஎஸ் வாங்குங்கள்.

சர்வர் கார்டில்தான் ஏமாறுவோம். என்விடியாவின் சர்வர் கார்டான எல்4 வெறும் 72 வாட், 24 ஜிபி, கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அதில் ஃபேனும் இல்லை, மானிட்டர் செருக இடமும் இல்லை, சர்வர் பெட்டியின் காற்றோட்டத்தை நம்பித்தான் இருக்கிறது. சித்திரைத் திருவிழா சமயத்து மதுரை வெயிலில், ஏசி இல்லாத மொட்டைமாடி அறையில், சாதாரண டவருக்குள் அதைப் போட்டால் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அங்கே சொந்த ஃபேன் உள்ள ஏ4000 போடுங்கள், பெட்டிக்குள் ஒரே ஸ்லாட் இடம்தான் பிடிக்கும். வாங்குமுன் உங்கள் மென்பொருளின் சான்றளிக்கப்பட்ட கார்டு பட்டியலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.