ஹேண்டில் உதறுகிறதா, வண்டியே நெளிகிறதா? நெடுந்தூர பைக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூறைத் தாண்டியதும் வண்டி ஆடுகிறது என்று சொல்லிப் பாருங்கள். யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார்: 'கோன் செட் போயிருக்கும், மாத்திடுங்க.' (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங்தான் கோன் செட்.) சில சமயம் அது சரியாகவும் இருந்துவிடும். ஆனால் எதை மாற்றுவது என்று யோசிக்கும் முன், ஆடுவது எது என்று பார்க்க வேண்டும். இதைத் தவறவிட்டுத்தான் பலர் காசையும் விடுமுறை நாட்களையும் கரைக்கிறார்கள். நானும் கரைத்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

பைக்கின் ஆட்டம் இரண்டு வகை. ஒன்று உதறல். முன் சக்கரம், அதைத் தாங்கும் ஃபோர்க், ஹேண்டில் மூன்றும் சேர்ந்து இடமும் வலமுமாக அடித்துக்கொள்ளும். வண்டியின் உடம்பு ஏறக்குறைய நேராகவே போகும். நொடிக்கு எட்டு ஒன்பது தடவை, எண்ணவே முடியாது. இன்னொன்று நெளிவு. இதைக் கையை விட இடுப்புதான் முதலில் உணரும். பின்பக்கம் இழுக்க, மொத்த வண்டியும் சாய்ந்து சாய்ந்து பாம்பு போலப் போகும். நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான், வாய்விட்டே எண்ணலாம். 1971இல் ராபின் ஷார்ப் என்ற ஆய்வாளர் பைக்கின் அசைவுகளைச் சமன்பாடுகளாக எழுதிப் பார்த்தபோது, இவை இரண்டும் தனித்தனி அசைவுகள் என்பது கணக்கிலேயே தெரிந்தது. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதைக் கிளப்பிவிடும் என்பதும் அதில் வந்தது.

ஆக, உதறல் என்றால் தேடலை முன்பக்கம் தொடங்குங்கள்: முன் டயர், கோன் செட், முன் சக்கர பேரிங், ஃபோர்க். நெளிவு என்றால் பின்பக்கம்: பின் டயர், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் பேரிங், பின் ஷாக் அப்சார்பர், சுமை. இது கறாரான விதி இல்லை. பின்னால் ஏற்றிய சுமை முன் ஹேண்டிலை உதற வைப்பதும் உண்டு. ஆனாலும் தொடங்க ஓர் இடம் வேண்டுமே.

எந்த வேகத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளாதது அடுத்த தவறு. 'வேகமாப் போனா ஆடுது' என்பதில் ஒரு தகவலும் இல்லை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். டூரிங் பைக்கின் முன் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் உருளும். உதறலின் இயல்பான வேகம் நொடிக்கு 8 அல்லது 9 தடவை என்றால், சக்கரமும் நொடிக்கு அத்தனை சுற்று சுற்றுவது மணிக்கு 58 முதல் 65 கிலோமீட்டரில். சக்கரத்தின் எடை ஒரு பக்கம் கூடியிருந்தாலோ டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தாலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு விழும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது போலத்தான். அதனால்தான் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் 80க்கும் 60க்கும் நடுவில், கை லேசாக இருந்தால், உதறல் வந்துவிட்டுத் தானாகப் போய்விடுகிறது. 120இல் சக்கரம் நொடிக்கு 16, 17 சுற்று சுற்றுகிறது. அங்கே சக்கரத்தின் எடை ஏற்றத்தாழ்வு நடுக்கமாகத் தெரியும், உதறலாக மாறுவது அரிது. 120இல் நெளியும் வண்டிக்கு வீல் பேலன்சிங் செய்துவிட்டு நல்லது நடக்கும் என்று காத்திருப்பது வீண். இதையெல்லாம் சோதிக்கிறேன் என்று ஓடும் வண்டியில் கையை எடுப்பது அதைவிட மோசம். பிடியைத் தளர்த்தினாலே போதும், தெரிந்துவிடும்.

டயர்தான் பெரிய குற்றவாளி, ஆனால் அதைக் கடைசியில்தான் சந்தேகிக்கிறார்கள். பட்டன் (டயரின் மேல்பக்க ரப்பர் கட்டைகள்) இன்னும் நிறைய இருக்கிறதே என்பார்கள். பட்டன் ஆழம் வேறு, டயரின் வடிவம் வேறு. நெடுஞ்சாலையில் நேராகவே ஓடிய பின் டயர் நடுவில் தட்டையாகிவிடும். முன் டயரில் பட்டன் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தேய்ந்து ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும். உள்ளங்கையை டயர் மேல் சுற்றுவாட்டில் ஒரு திசையில் தடவுங்கள், பிறகு எதிர்த் திசையில். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் பிடித்தால், அந்த டயரை எந்தப் பேலன்சிங்கும் காப்பாற்றாது. காற்றை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வழியில் நிறுத்தி, சூடான டயரில் அளவு அதிகமாக இருக்கிறது என்று காற்றை இறக்கிவிடுபவர்கள் தாங்களே பிரச்சினையை உண்டாக்கிக்கொள்கிறார்கள். இருவரும் சுமையும் ஏறும்போது பின் டயருக்கு எவ்வளவு என்று கையேட்டில் தனியாகப் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். முன்னால் ஒரு வகை, பின்னால் வேறு வகை டயர் போட்ட பிறகுதான் ஆட்டம் தொடங்கியது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

கோன் செட்டுக்கு வருவோம். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்குங்கள். ஃபோர்க்கின் கீழ் முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கும்போது 'டக்' என்று தட்டினால் லூஸ். இதில் ஏமாறவும் இடம் உண்டு: ஃபோர்க் குழாய்களுக்குள் இருக்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரித்தான் தட்டும். இன்னொருவரை, ஃபிரேமும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பும் சேரும் இடுக்கில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அசைவு அங்கே தெரிந்தால்தான் கோன் செட். அப்புறம் ஹேண்டிலை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவது போல நின்றால் பேரிங் குழி விழுந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும்.

லூஸ் என்று தெரிந்ததும் இறுக்கு இறுக்கென்று இறுக்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. உதறல் நின்றுவிடும், உண்மை. ஆனால் ஹேண்டில் தானாக நேராக வர முடியாமல் போகும். ஓட்டுபவர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க, வண்டி மெதுவாக அலையத் தொடங்கும். உதறலைக் கொடுத்து நெளிவை வாங்கிய கதை. கையேட்டில் உள்ள முறுக்கு (டார்க்) அளவுதான் சரி, மெக்கானிக்கின் கை அனுபவம் இதற்குப் போதாது.

இப்போது என் கதை. புதிய கோன் செட், புதிய முன் டயர், இரண்டு தடவை பேலன்சிங். 110இல் ஆட்டம் அப்படியே இருந்தது. ஒருநாள் பின்னால் மாட்டியிருந்த டாப் பாக்ஸைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனேன், வண்டி கோடு போட்டது போல ஓடியது. அந்தப் பெட்டியில் பூட்டுச் சங்கிலி, டூல் பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் நிரந்தரமாகக் குடியிருந்தன. பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் வைக்கும் எடை முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கிறது, காற்றையும் வாங்கிக்கொள்கிறது. கனமானவை பக்கப் பெட்டிகளின் அடியிலோ டேங்க் பையிலோ போக வேண்டும். டாப் பாக்ஸுக்கு உரியது ரெயின் கோட்டும் ஜாக்கெட்டும்தான். எடைக்கும், பெட்டியோடு போகக்கூடிய வேகத்துக்கும் கையேடுகள் வரம்பு போட்டிருப்பது சும்மா இல்லை. பின் சீட்டில் ஆள் ஏறும்போது பின் ஷாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை, கூட்டாமல் விடுவதும் இதே கணக்கில்தான் சேரும். பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் லேசாகிவிடும்.

ஹேண்டிலின் அசைவை மட்டுப்படுத்தும் ஸ்டீரிங் டேம்பர் போட்டால் சரியாகிவிடும் என்ற யோசனையும் கட்டாயம் வரும். நல்ல சாமான்தான். ஆனால் தேய்ந்த டயரையும் லூஸான பேரிங்கையும் அது மறைக்கும், சரி செய்யாது. உதறலை அடக்கும் அதே டேம்பர், அதிக வேகத்தில் நெளிவை இன்னும் மோசமாக்கக்கூடும்.

பல சந்தேகங்கள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். ஒன்று, ஓட்டம், அடுத்து ஒன்று, மறுபடி ஓட்டம். அதே சாலை, அதே சுமை. காசு செலவில்லாதவை முதலில்: காற்று, பெட்டி, பிரீலோடு. பிறகு சக்கரங்களின் நேர்வரிசை, ஸ்விங் ஆர்ம், அச்சு நட்டுகள், ஸ்போக் சக்கரமானால் ஸ்போக்குகளின் இறுக்கம். பாகங்கள் வாங்குவது கடைசியில்.

இவ்வளவும் பட்டறையில் செய்வது. சாலையில் திடீரென்று வந்துவிட்டால் உடம்பு சொல்வது இரண்டு: ஹேண்டிலை இறுக்கிப் பிடி, பிரேக்கை அழுத்து. இரண்டுமே தவறு. விறைத்த கைகள் உங்கள் உடம்பின் அசைவையும் ஹேண்டிலுக்குக் கொண்டுபோகும். முன் பிரேக் சுமை முழுவதையும் அடித்துக்கொண்டிருக்கும் சக்கரத்தின் மேல் ஏற்றும். தோளைத் தளர்த்தி, முழங்காலால் டேங்க்கைப் பிடித்து, உடம்பைத் தாழ்த்தி முன்னால் கொண்டுவந்து, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடுங்கள். வேகத்தைக் கூட்டித் தப்பலாம் என்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். நெளிவாக இருந்தால் வேகம் கூடக்கூட அது வளரும்.

உதறல் பலமாக அடித்து நின்ற பிறகு பலருக்குத் தெரியாத ஓர் ஆபத்து இருக்கிறது. அந்த அடியில் பிரேக் பேடுகள் டிஸ்க்கிலிருந்து விலகிப் பின்னால் போயிருக்கலாம். அப்போது முன் பிரேக் லீவர் முதல் அழுத்தில் ஒன்றும் பிடிக்காமல் பிடி வரைக்கும் வந்துவிடும். வளைவோ வண்டியோ குறுக்கே வரும் முன்பே, நேரான சாலையில், லீவரை இரண்டு மூன்று தடவை மெதுவாக அழுத்திப் பேடுகளை இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு ஓரமாக நிறுத்துங்கள்.