சிறுவயதுத் திருமணம், பலதார மணம்: பேசும்போது நாம் செய்கிற தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையோரக் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளியில் பல வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறை அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெண் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவளுடைய அம்மை மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். "படிச்சது போரும் டீச்சரே. நல்ல இடம் ஒண்ணு வந்தது, பாறசாலைக்கு அங்க கெட்டிக் குடுத்தாச்சு" என்றார். அந்தப் பெண்ணுக்கு அப்போது 16 வயது. நான் மேலே சொல்லிப் பார்த்தேன். "அது அவங்க சமுதாய விஷயம், நாம தலையிட்டா வம்பாகும்" என்று பதில் வந்தது. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி, "எந்தச் சமுதாயம்?" என்பதுதான். அதை நான் சொல்வதில்லை. சொன்ன உடனே பேச்சு அந்தப் பெண்ணை விட்டுவிட்டு மதத்தின் பின்னால் போய்விடுகிறது. நான் பார்த்த வரையில் எல்லாத் தவறுக்கும் மூலம் இதுதான்.

சிறுவயதுத் திருமணமும் பலதார மணமும் ஏதோ ஒரு மதத்தின் நோய் என்று நம்புகிறவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 20 முதல் 24 வயதுக்குள் இருந்த பெண்களில் எத்தனை பேருக்கு 18-க்கு முன் கல்யாணம் ஆனது என்று கேட்டார்கள். ஆந்திராவில் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8, கேரளாவில் 6.3. தென்மாநிலங்களிலேயே முஸ்லிம்கள் அதிக விகிதத்தில் வாழ்கிற மாநிலம் கேரளாதான். அங்கேதான் எண்ணிக்கை குறைவு. மலப்புரத்தில் மாநில சராசரியைவிடக் கூடுதல் என்பது உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மதம் மட்டுமே காரணம் என்றால் ஆந்திராவின் எண்ணை எப்படி விளக்குவது? பெண்பிள்ளை எத்தனை வருடம் பள்ளிக்கூடம் போகிறாள், வீட்டில் எவ்வளவு வறுமை, பக்கத்தில் மேல்நிலைப் பள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் விளங்க ஆரம்பிக்கும்.

பலதார மணமும் இப்படித்தான். அதே ஆய்வில், கணவனுக்கு வேறு மனைவியும் உண்டு என்று சொன்ன பெண்கள் முஸ்லிம்களில் 1.9 சதவீதம், இந்துக்களில் 1.3 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நாம் வாய்வழியாகக் கேட்கிற அளவுக்கு இல்லை.

அடுத்தது, அரசு மதத்துக்குள் தலையிடுவது ஏதோ இப்போது டெல்லியில் கண்டுபிடித்த வேலை என்று நினைப்பது. நம் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லவே கூடாது. இது பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் மண், 1956 நவம்பர் 1-ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாடார் பெண்கள் மேலாடை போடலாம் என்று அறிவிப்பு வந்தது 1859-ல். கோயில் நுழைவுப் பிரகடனம் 1936-ல். இரண்டுமே மதத்தின் பெயரால் காத்துவந்த வழக்கங்களை அரசு நேராகக் கைவைத்து மாற்றியவை.

அதிலும் நாஞ்சில் நாட்டு வேளாளர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் பேசுகிற குடும்பங்கள்தான், ஆனால் சொத்து மருமக்கள் வழியில் போகும். குடும்பத் தலைவரான காரணவர் சம்பாதித்ததும் அனுபவித்ததும் அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்கு. மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும் உகந்துடைமை என்று சிறு பங்கு. ஆணுக்கு மனைவியால் பொறுப்பு எதுவும் ஏறாததால் ஒன்றுக்கு மேல் கட்டுவதும் சுலபமாக இருந்தது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைத்தான் 'மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடினார். கதை சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. நான் அதை வகுப்பில் படித்துக் காட்டும்போது பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். போகப்போக வகுப்பு அமைதியாகிவிடும். கணவன் செத்த பின் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன மிஞ்சுகிறது என்று வரும்போது ஒரு சத்தமும் இருக்காது.

கவிமணி வெளியாள் இல்லை, அந்தச் சமுதாயத்திலேயே பிறந்தவர். இளைஞர்களும் படித்தவர்களும் உள்ளேயிருந்து கேட்டார்கள், காரணவர்கள் எதிர்த்தார்கள், வழக்கம் அழிந்தால் குடும்பமே அழியும் என்றார்கள். கடைசியில் 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் நாயர் சட்டமும் வந்தது. யாருடைய மதமும் அழியவில்லை. சுசீந்திரத்தில் தேர் இன்றைக்கும் ஓடுகிறது. அரசு தலையிட்டது சரி, ஆனால் உள்ளே ஒரு குரல் எழுந்த பின் தலையிட்டது. இந்த இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்தால் இன்றைய சண்டைகளில் பாதி அடங்கும்.

ஒரு சமுதாயத்தின் தலைவர்கள் பேசினால் அந்தச் சமுதாயமே பேசிவிட்டது என்று எடுத்துக்கொள்வதும் இதே இடத்தில்தான் வருகிறது. 2013-ல் கேரளாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 16 வயது தாண்டிய முஸ்லிம் பெண்களின் திருமணங்களைப் பதிவு செய்யலாம் என்று உள்ளாட்சித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பி அதை மாற்றினார்கள். அதே வருடம் செப்டம்பரில் கோழிக்கோட்டில் பல முஸ்லிம் அமைப்புகள் கூடி, திருமண வயதுச் சட்டத்திலிருந்து தங்களுக்கு விலக்கு கேட்டு உச்ச நீதிமன்றம் போவதாக முடிவெடுத்தன. தமிழ்ப் பத்திரிகையை மட்டும் வாசித்தவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும். மலையாளப் பத்திரிகையையும் சேர்த்து வாசித்தவர்களுக்கு, அந்த முடிவை முதலில் எதிர்த்தவர்களில் முஸ்லிம் பெண்களும் முஸ்லிம் இளைஞர்களும் இருந்தார்கள் என்பதும் தெரியும். அரபிக் கல்யாணம், மைசூர்க் கல்யாணம் என்று ஏழைப் பெண்களை ஊர்பேர் தெரியாதவர்களுக்குக் கட்டிக்கொடுத்து அவர்கள் கைவிடப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இங்கே குழப்பம் அதிகம்.

சிறுவயதுத் திருமணமும் பலதார மணமும் ஒரே சட்டத்தில் இல்லை. முதலாவதைத் தடுப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. "எங்கள் மதச் சட்டத்தில் அனுமதி உண்டு, எனவே இது எங்களுக்குப் பொருந்தாது" என்ற வாதத்தை 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்கவில்லை. 2024 ஜூலையில் பாலக்காட்டிலிருந்து வந்த ஒரு வழக்கில் கேரள உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. அந்த வழக்கில் புகார் கொடுத்தவரும் அதே சமுதாயத்தைச் சேர்ந்தவர்தான் என்பதை நீதிபதி எடுத்துச் சொன்னார். வடக்கே பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் முடிவு சொல்லாமல் விட்டது. ஆக, நாடு முழுவதற்கும் முடிந்துபோன கேள்வி இல்லை. ஆனால் இந்த எல்லையின் இரண்டு பக்கத்திலும் உள்ள உயர் நீதிமன்றங்கள் ஒரே பக்கம் நிற்கின்றன.

பலதார மணத்தில் நிலைமை வேறு. இந்துக்களுக்குச் சென்னை மாகாணம் 1949-லேயே தடை போட்டது, 1955-ல் அது நாடு முழுக்க வந்தது. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் முஸ்லிம் ஆணுக்கு இரண்டாம் திருமணம் குற்றமில்லை. இதோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு. தடை இருக்கிற இடத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. இந்துக் கணவன் மேல் வழக்குப் போட்டால், இரண்டாம் திருமணம் முறைப்படி சடங்குகளோடு நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். கோயிலில் மாலை மாற்றியதற்கு யார் சாட்சி சொல்வார்கள்? வழக்கு விழுந்துவிடும். 'சின்ன வீடு' என்று ஊர் சொல்கிற அந்த இரண்டாவது பெண்ணுக்கு மனைவி என்ற உரிமையும் கிடைக்காது. அவள் பிள்ளைகளைச் சட்டம் முறையான பிள்ளைகளாக ஏற்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல். தடை இல்லாத இடத்திலும் கேள்வி இல்லாமல் இல்லை. எல்லா மனைவியரையும் நீதியாக நடத்த முடியாதென்றால் ஒருத்தியோடு நில் என்று குர்ஆனே சொல்கிறது. அதை வைத்துத்தான் 2025-ல் கேரள உயர் நீதிமன்றம், மனைவியைக் காப்பாற்ற வழியில்லாத ஆண் மறுபடி மணக்க முஸ்லிம் தனிச்சட்டமே இடம் தரவில்லை என்று சொன்னது. அதே வருடம் இன்னொரு வழக்கில், இரண்டாம் திருமணத்தைப் பதிவு செய்யும்போது முதல் மனைவியைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னது.

இப்போது என்னை இன்னும் உறுத்துகிற தவறு. சின்ன வயதில் நடந்த கல்யாணம் தானாகவே செல்லாது என்று நான் நினைத்திருந்தேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அது சரியில்லை. கடத்திக்கொண்டுபோய், ஏமாற்றி, வற்புறுத்தி, விற்று, அல்லது நீதிமன்றத் தடையை மீறி நடத்தியிருந்தால் அடியோடு செல்லாது. மற்றபடி, அது வேண்டாம் என்று அந்தப் பெண்ணே நீதிமன்றத்தில் மனுப் போட்டால்தான் ரத்தாகும். அதற்கும் கெடு உண்டு. 18 முடிந்து இரண்டு வருடத்துக்குள், அதாவது 20 வயதுக்குள் போட வேண்டும். 18 ஆகும் முன்பே என்றால் பாதுகாவலரோ நெருங்கிய ஒருவரோ, சிறுவயதுத் திருமணத் தடுப்பு அலுவலரோடு சேர்ந்து போடலாம். ஜீவனாம்சமும் தங்க இடமும் கேட்கலாம், போட்ட நகையையும் திருப்பிக் கேட்கலாம். கர்நாடகாவும் ஹரியானாவும் சட்டத்தைத் திருத்தி இத்தகைய கல்யாணம் எல்லாமே தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் பெண்தான் போய்க் கேட்க வேண்டும்.

அந்த மாணவியை வெகுநாள் கழித்துக் குழித்துறைச் சந்தையில் பார்த்தேன். கையில் ஒரு குழந்தை. வீட்டுக்கு வந்துவிட்டாளாம், திரும்பிப் போக விருப்பமில்லையாம். விசாரித்தபோதுதான் இந்த இரண்டு வருடக் கணக்கு எனக்கே தெரிந்தது. அப்போது அவளுக்கு 20 முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இனி அவள் விவாகரத்து வழக்காகத்தான் போக வேண்டும். பதினாறு வயதில் அவளுக்காக வாய் திறக்காத நான், பத்தொன்பதில் இந்தத் தகவலையாவது கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.

எல்லையில் வாழ்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "அங்கே வைத்து நடத்தினால் பிரச்சினை இல்லை" என்று கல்யாணத்தைக் கேரளப் பக்கம் நெய்யாற்றின்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு மாற்றுவார்கள், அங்குள்ளவர்கள் இங்கே கொண்டுவருவார்கள். இது மத்தியச் சட்டம், பாலம் தாண்டினால் மாறாது. அலுவலர்தான் மாறுவார். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலர், கேரளாவில் அங்கன்வாடிகளைப் பார்த்துக்கொள்கிற குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். இரண்டு பக்கமும் சொல்லிவிடுவது நல்லது. அதேபோல, "இப்போ நிக்காஹ் மட்டும்தான், அனுப்புறது அப்புறம்" என்றால் அது வெறும் நிச்சயம் என்று நினைத்துவிடாதீர்கள். நிக்காஹ்தான் திருமணம். தேவாலயத்து ஒத்துக்கல்யாணமும் நிச்சயதாம்பூலமும் அப்படியில்லை. ஆனால் அங்கேயும் பெண்ணுக்கு 18 வயது ஆகும் முன்பே கல்யாணத் தேதி இருந்தால் நீதித்துறை நடுவரிடம் முன்கூட்டியே தடை வாங்கலாம்.

கைது செய்தால் எல்லாம் சரியாகும் என்பதும் தவறான எண்ணம். அசாமில் 2023 பிப்ரவரியில் பழைய திருமணங்களையும் சேர்த்து 3,000-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். காவல் நிலையங்களின் வாசலில் கைக்குழந்தையோடு நின்றவர்கள் அந்த இளம் மனைவிகள்தான். கர்ப்பமாயிருந்த பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வரவே பயந்தார்கள். நடக்கப்போகும் கல்யாணத்தை நிறுத்துவது ஒன்று. நடந்து முடிந்து பிள்ளையும் பெற்றவளின் ஒரே வருமானத்தைச் சிறையில் போடுவது வேறு. அவள் என்ன விரும்புகிறாள் என்று கேட்காமல் அரசு எடுக்கிற நடவடிக்கை, அவளைக் கேட்காமல் நடந்த கல்யாணத்தின் தொடர்ச்சியாகவே அவளுக்குத் தெரியும். பதினேழு வயதில் காதலித்து ஓடிப்போன பிள்ளைகளின் வழக்கையும் இதோடு ஒன்றாகக் குழப்ப வேண்டாம். அங்கே பெரும்பாலும் ஜாதி மாறிவிட்டது என்ற கோபத்தில்தான் பெற்றவர்கள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டத்தைக் கையில் எடுக்கிறார்கள்.

கடைசியாக, நிறுத்தப்பட்ட கல்யாணத்தின் அழைப்பிதழையும் பெண்ணின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் அனுப்புகிறார்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். அதைவிட, அந்தப் பெண் திங்கள்கிழமை அதே வகுப்பில் வந்து உட்கார வேண்டும். இப்படி ஒரு கல்யாணம் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடுங்கள், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணின் வயது, படிக்கிற பள்ளி, கல்யாணம் எந்த ஊரில் எந்தத் தேதியில் என்பதைச் சொல்லுங்கள். அவர்கள் எந்த மதம் என்று நீங்களாகச் சொல்ல வேண்டாம்.