வெளிநாட்டில் ஆள் வைத்து வேலை செய்விக்கிறீர்களா? காசு விஷயத்தில் இந்தப் பிழைகளை விடாதீர்கள்

தொழில் தொடங்குகிற தம்பிமார், தங்கச்சிமார் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணை, பிலிப்பைன்ஸில ஒரு ஆளை வேலைக்கு எடுத்திருக்கிறன், காசு எப்பிடி அனுப்புறது?" அனுப்ப வழிகள் நிறைய இருக்கின்றன. அதற்கு முதல் கேட்க வேண்டியது வேறு. இன்னும் முடியாத வேலைக்காக என்னுடைய காசு எவ்வளவு அவரிடம் கிடக்கிறது, முடிந்துபோன வேலைக்காக அவருடைய காசு எவ்வளவு என்னிடம் கிடக்கிறது? இந்த இரண்டில் எதுவும் ஒரு கிழமை வேலையின் பெறுமதியைத் தாண்டக் கூடாது என்பது நான் நட்டப்பட்டுப் படித்த பாடம். கீழே சொல்வதெல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இதோடுதான் வந்து சேரும்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து தொழில் நடத்துகிறேன். கொழும்புக் கடைகளுக்கும், டொரண்டோ, மெல்பேர்ன் பக்கம் இருக்கும் நம்மவர்களின் கடைகளுக்கும் இணையத்தளம் செய்வது, பொருட்களைப் படம், விலை, விபரத்தோடு ஏற்றிக்கொடுப்பது. இங்கே மூன்று பேர். பிலிப்பைன்ஸின் செபுவில் இரண்டு பேர், கோயம்புத்தூரில் ஒருவர், டாக்காவில் ஒருவர்.

முதல் பிழை, பாதிக் காசை முன்னுக்கே கொடுப்பது. ஆரம்பத்தில் ஒரு தளத்துக்கு 1,000 டொலர் பேசி 500ஐ அன்றைக்கே அனுப்பினேன். இரண்டு கிழமை ஒழுங்காக வேலை நடந்தது, பிறகு பதில் குறைந்தது, பிறகு இல்லாமலே போனது. 500 டொலருக்காக இன்னொரு நாட்டு நீதிமன்றத்துக்கு யார் போவது? வழக்கறிஞருக்கே அதைவிடக் கூடப் போகும். அதனால் இப்போது எந்த வேலையையும் ஐந்து, ஆறு துண்டாக உடைத்துத்தான் கொடுக்கிறேன், ஒவ்வொரு துண்டும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். "50 வீதம் முடிந்ததும் பாதிக் காசு" என்று எழுதினால் அந்த 50 வீதம் எது என்றே சண்டை வரும். "முகப்புப் பக்கம் கைபேசியில் சரியாகத் திறக்கிறது, 40 பொருட்கள் படத்தோடும் விலையோடும் ஏறியிருக்கின்றன" என்று எழுதுங்கள், அதில் சண்டைக்கு இடமில்லை.

அப்வேர்க் மாதிரி, வெளியாட்களை வேலைக்குப் பிடிக்கும் தளங்களில் இதற்கென்றே எஸ்க்ரோ இருக்கிறது. நீங்கள் போடும் காசு நடுவில் நிற்கும், வேலையைப் பார்த்து நீங்கள் சரி என்றதும் அவருக்குப் போகும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் வேலையை ஒப்படைத்த பிறகு நீங்கள் 14 நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் காசு தானாகவே விடுபட்டுவிடும். ஊரில் கலியாணம், நல்லூர்த் திருவிழா என்று யாழ்ப்பாணம் போய் இரண்டு கிழமை மடிக்கணினியைத் திறக்காமல் இருந்துவிட்டு வந்து பார்க்கும்போது, அரைகுறை வேலைக்கு முழுக் காசும் போயிருக்கும். மணித்தியாலக் கணக்கில் வேலை என்றால், வேலை நேரத்தில் அவருடைய கணினித் திரையைப் பிடித்த படங்கள் பத்து நிமிடத் துண்டுகளாக அங்கே இருக்கும். அதைக் கிழமைக்குக் கிழமை பாருங்கள், மறுப்புச் சொல்வதற்கான காலம் குறுகியது. அப்புறம், "வெளியில் வாங்க, கொமிஷன் மிச்சம்" என்ற பேச்சு வரும். அங்கே அறிமுகமானவரோடு இரண்டு வருடத்துக்கு அந்தத் தளத்துக்கு உள்ளேதான் கொடுக்கல் வாங்கல் என்பது அவர்களின் விதி. விதியை விடுங்கள், வெளியே வந்த நிமிடமே நடுவில் நின்று காசைப் பிடித்து வைத்திருக்க ஆள் இல்லாமல் போகிறது. பேபாலில் அனுப்பும்போது "நண்பர்களும் குடும்பமும்" வழியைத் தெரிவு செய்யச் சொல்லி யாராவது கேட்டாலும் இதே கதைதான். வாங்குபவருக்கான பாதுகாப்பு அந்த வழிக்குக் கிடையாது.

அடுத்தது நாணயம். இலங்கையில் இருந்து தொழில் செய்பவர்களுக்கு இதுதான் மிகப் பெரிய அடி, இதைப் பற்றி மற்ற நாட்டு ஆலோசனைகளில் ஒரு வரிகூட இருக்காது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 203 ரூபாய். மே மாதத்தில் ஏறக்குறைய 360. அந்த நேரம் புறக்கோட்டையில் ஒரு துணி மொத்தக் கடைக்கு மூன்று மாத வேலையை ரூபாயில் விலை பேசிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். செபுவில் இருந்த ஆட்களுக்கு மாதம் 600 டொலர். பெப்ரவரியில் அதற்கு எனக்குத் தேவைப்பட்டது 1 இலட்சத்து 22 ஆயிரம் ரூபாய், மே மாதத்தில் அதே 600 டொலருக்கு 2 இலட்சத்து 16 ஆயிரம். கடை முதலாளி பேசிய காசைப் பேசியபடி தந்தார், அவரில் பிழை இல்லை. செபுவில் இருந்த பிள்ளைகளும் பேசிய வேலையைச் செய்தார்கள், அவர்களிலும் பிழை இல்லை. நடுவில் இருந்த நான் மனைவியின் சங்கிலியைச் செட்டியார் தெரு நகைக்கடையில் கொடுத்துத்தான் அந்த மாதச் சம்பளம் அனுப்பினேன். டொலருக்கு அலைந்தது இன்னொரு கதை, வங்கியில் காசு இருந்தும் டொலர் இல்லை.

அதன் பிறகு என்னுடைய எல்லா ரூபாய் விலைப்பத்திரத்திலும் ஒரு வரி இருக்கிறது: இந்த விலை இன்றைய டொலர் விலையில் போடப்பட்டது, டொலர் விலை 5 வீதத்துக்கு மேல் மாறினால் மீதி வேலைக்கு விலை திரும்பப் பேசப்படும். முதலில் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். 2022ஐ ஞாபகப்படுத்தினால் விளங்கிக்கொள்வார்கள், புறக்கோட்டையில் அந்த வருடத்தை மறந்தவர் யாரும் இல்லை. இரண்டாவது, டொரண்டோவில் இருந்து வரும் டொலரை முழுவதும் ரூபாயாக மாற்றாமல், வெளிநாட்டு நாணயக் கணக்கில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு அளவாக வைத்திருக்கிறேன். உங்கள் வகைத் தொழிலுக்கு எந்தக் கணக்கு, அதில் இருந்து யாருக்கு அனுப்பலாம் என்பதை வங்கியில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன, போன வருடம் நண்பர் சொன்னது இந்த வருடம் சரியாக இருக்காது.

வங்கிக்கு வெளியே, தரகர் கைமாற்றும் உண்டியல் முறையில் அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். விலை கொஞ்சம் நல்லாகக் கிடைக்கும், அதே நாளில் போய்ச் சேரும், எல்லாம் சரி. ஆனால் அது சட்டவிரோதம், காசு போய்ச் சேராவிட்டால் முறைப்பாடு செய்யக்கூட இடம் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுக்குச் சேவை செய்து உழைக்கும் வருமானத்துக்கும் உச்சமாக 15 வீத வருமான வரி வந்துவிட்டது. செபுவுக்கு அனுப்பிய சம்பளம் உங்கள் செலவு என்று காட்ட வங்கிக் கடதாசி வேண்டும். உண்டியலில் போன காசுக்கு ஒரு துண்டுக் கடதாசியும் கிடையாது, ஆகவே கையில் தங்காத காசுக்கும் சேர்த்து வரி கட்டுவீர்கள்.

இனி மின்னஞ்சல். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், கோயம்புத்தூர் ஆளிடம் இருந்து மடல்: "அண்ணா, என்னுடைய வங்கிக் கணக்கில் ஒரு பிரச்சினை, இந்த மாதம் மட்டும் இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்." பழைய மடல்களின் தொடர்ச்சியாகவே வந்திருந்தது, கீழே எங்கள் பழைய உரையாடல், விலைப்பத்திர இலக்கம்கூடச் சரி. வங்கிச் செயலியில் புதிய கணக்கைப் போட்டுக் கடைசிப் பொத்தானுக்கு வந்துவிட்டேன். "அண்ணா" என்ற சொல்தான் கையைப் பிடித்தது. அவர் என்னை எப்போதும் "சார்" என்றுதான் எழுதுவார். வட்ஸ்அப்பில் அழைத்தேன், அவருக்கு ஒன்றும் தெரியாது. பிறகு முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்தால், ஆங்கில எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றன. சின்ன எழுத்தில் பார்த்தால் ஒரே மாதிரி. அவருடைய மின்னஞ்சலுக்குள் யாரோ பல நாளாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இந்த வகை மோசடியில் 2023இல் மட்டும் 290 கோடி டொலருக்கு மேல் இழப்பு என்று அமெரிக்காவின் எப்பிஐ கணக்குச் சொல்கிறது, அதுவும் அவர்களிடம் முறையிட்டவர்களின் இழப்பு மட்டும். வங்கிக் கணக்கு மாற்றம் என்று எந்த மடல் வந்தாலும், ஏற்கனவே உங்களிடம் இருக்கும் இலக்கத்துக்கு அழைத்துக் குரலைக் கேளுங்கள். மடலில் இருக்கும் இலக்கத்துக்கு அழைக்காதீர்கள், அதுவும் கள்ளனுடையதாகத்தான் இருக்கும். உங்களுடைய வாடிக்கையாளர்களுக்கும் இதையே சொல்லி வையுங்கள், ஏனென்றால் உங்கள் பெயரில் அவர்களுக்கும் இப்படி மடல் போகலாம்.

வாடிக்கையாளர் பக்கம் இன்னொரு தொல்லை, "காசு போட்டுவிட்டோம்" என்று கைபேசித் திரையைப் படம் பிடித்து அனுப்புவது. படத்தை நம்பி வேலையை ஒப்படைக்காதீர்கள். வங்கிகளுக்கு இடையிலான சுவிஃப்ட் வலையமைப்பு வழியாகப் போகும் ஒவ்வொரு அனுப்புதலுக்கும் யுஇடிஆர் என்று 36 எழுத்து நீளமான ஒரு குறியீடு உண்டு. அதைக் கேளுங்கள், உண்மையாக அனுப்பியவர் தன் வங்கியில் கேட்டு வாங்கித் தருவார். அதை வைத்துக் காசு எந்த வங்கியில் நிற்கிறது என்று தேடலாம். அட்டையில் வாங்கும் காசும் வந்தவுடன் உங்களுடையது ஆகிவிடுவதில்லை. வாடிக்கையாளர் தன் வங்கியில் முறையிட்டு அதைத் திரும்ப எடுக்கலாம். பல வகை முறைப்பாடுகளுக்கு 120 நாள் வரை அவகாசம் இருப்பதால், வாடிக்கையாளர் "சரி, நன்றாக இருக்கிறது" என்று எழுதிய மடலை அழித்துவிடாதீர்கள்.

கணக்குகளும் உரிமையும் பற்றிச் சுருக்கமாக. டொமைன் (தளத்தின் முகவரி), ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் இடம்), கூகுள் ட்ரைவ், எல்லாம் உங்கள் பெயரில் உங்கள் மின்னஞ்சலில் திறந்து, வேலை செய்பவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அவர் பெயரில் இருந்தால், காசு கட்டியது நீங்கள் என்றாலும் சாவி அவரிடம். இந்தியாவில் இருக்கும் ஆளிடம் வேலை வாங்கினால் இன்னும் ஒன்று: அந்த நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமையை எழுத்தில் மாற்றித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் எடுத்துக்கொள்ளப்படும். கொழும்புக் கடைக்குச் செய்த இலச்சினைக்கு இந்தியாவுக்குள் மட்டும் உரிமை என்றால் என்ன பயன்? "உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள்.

கடைசியாக, நான் மிகவும் கவலைப்படுகிற பிழை. தன் காசைக் காப்பாற்ற ஓடும் முதலாளிமார் பலர், வேலை செய்கிற பிள்ளையின் காசைப் பத்து நாள், இருபது நாள் இழுத்தடிக்கிறார்கள். அங்கேயும் வாடகை இருக்கிறது, பள்ளிக்கூடக் கட்டணம் இருக்கிறது. இடையில் நிற்கும் வங்கிகள் கழிக்கும் கட்டணத்தையும் அவர்கள் தலையில் போடாதீர்கள், அனுப்பும்போது கட்டணம் முழுவதும் அனுப்புபவருக்கு என்று குறித்தால் பேசிய தொகை ஏறக்குறைய முழுதாகப் போய்ச் சேரும். பிலிப்பைன்ஸில் ஊழியர்களுக்கு 13ஆம் மாதச் சம்பளம் என்பது 1975இல் இருந்து சட்டம், டிசம்பர் 24க்குள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு அந்தச் சட்டக் கட்டாயம் இல்லாவிட்டாலும் அந்த ஊரில் வீட்டில் எல்லோரும் அதை எதிர்பார்த்துத்தான் நத்தாரைத் திட்டமிடுகிறார்கள். நான் ஜனவரியில் இருந்தே மாதாமாதம் பன்னிரண்டில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கி வைக்கிறேன்.

எங்கள் கந்தோரில் வெள்ளிக்கிழமை நான்கு மணி என்றால் வேறு வேலை கிடையாது. செபுவில் அப்போது ஆறரை, ஆட்கள் வீட்டுக்குப் போகிற நேரம். அந்தக் கிழமை ஒப்படைத்ததைத் திறந்து பார்க்கிறோம், கணக்கு இலக்கம் மாறவில்லை என்று பழைய பட்டியலோடு ஒத்துப் பார்க்கிறோம், அனுப்புகிறோம். அங்கே அலுவலக விளக்கு அணைவதற்குள் "அனுப்பிய துண்டு கிடைத்தது" என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல்மடல் வந்துவிடும், பின்னால் அந்த ஊர் ஜீப்னி வண்டிகளின் ஹோர்ன் சத்தத்தோடு.