டிரைவரில் நேர முத்திரை: எந்தக் கடிகாரம், எந்த இடத்தில்?

ஒரு நிகழ்வு எப்போது நடந்தது என்று டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) குறித்துவைக்கும் நேரமே நேர முத்திரை. அதற்கு லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கடிகாரங்கள் பல. டிரைவரில் தவறான ஒன்றை எடுத்தாலும் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, சோதனையிலும் எல்லாம் ஒழுங்காகவே ஓடும். அதனால்தான் இந்தப் பிழைகள் வெகுநாள் மறைந்திருக்கின்றன. எந்த நேரத்தோடு ஒப்பிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அதிகம் கெடுப்பது ரியல்டைம், அதாவது தேதியும் மணியும் காட்டும் கடிகாரம். லாகில் தேதியோடு படிக்க வசதிதான், ஆனால் அது மாற்றப்படக்கூடிய நேரம். பேட்டரியுள்ள ஆர்டிசி (மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரச் சிப்) இல்லாத போர்டில் பூட் ஆனதும் நேரம் பல வருடம் பின்தங்கியிருக்கும். நெட்வொர்க் கிடைத்ததும் என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) ஒரே தாவலில் இன்றைக்குக் கொண்டுவந்து நிறுத்தும். லீப் நொடி (உலக நேரத்தில் எப்போதாவது கூட்டப்படும் ஒரு நொடி) சேரும்போதோ கடிகாரம் ஒரு நொடி பின்னால் போகும். அந்தச் சமயம் இரண்டு சாம்பிள்களின் இடைவெளியைக் கழித்தால் விடை எதிர்மமாக வரும். அன்சைன்டு (எதிர்ம எண் ஏற்காத) மாறியில் விழுந்தால் பூதாகரமான எண்.

இடைவெளி அளக்க மோனோடோனிக் என்ற கடிகாரம் போதும், அது பின்னால் போகாது. என்டிபி அதன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் என்பதால், சிலர் என்டிபி தொடாத மோனோடோனிக் ரா பக்கம் போகிறார்கள். பெரும்பாலும் அது வீண். கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிழை இருந்தால் ரா ஒரு நாளில் 4 நொடிக்கு மேல் விலகிவிடும்; மோனோடோனிக்கில் குறித்த வேறெதனோடும் பொருந்தாது.

சஸ்பெண்ட் இன்னொரு பொறி. கருவி தூங்கும்போது மோனோடோனிக் நின்றுவிடும், பூட்டைம் என்ற கடிகாரம் தொடர்ந்து எண்ணும். தூக்கத்தைத் தாண்டி வரும் நிகழ்வுகளுக்குப் பூட்டைம்தான் சரி. ஆண்ட்ராய்டின் சென்சார் நேரங்களும் அதைத்தான் அடிப்படையாகக் கொண்டவை.

கேமராவையும் ஐஎம்யுவையும் (அசைவை அளக்கும் சென்சார்) சேர்த்துப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வி4எல்2 (லினக்ஸின் கேமரா அமைப்பு) ஃபிரேம்கள் வழக்கமாக மோனோடோனிக்கில் வரும். ஐஐஓ (லினக்ஸின் சென்சார் அமைப்பு) சென்சார்களோ மாற்றாமல் விட்டால் ரியல்டைமில் வரும். எந்தக் கடிகாரம் என்பதை ஐஐஓவில் பயனரே சிஸ்எஃப்எஸ் (கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) வழியாகத் தேர்ந்தெடுக்கலாம். டிரைவர் அந்தத் தேர்வை மதிக்காமல் தானாக ஒன்றை எடுத்தால், மேலே இருப்பவரால் சரிசெய்யவே முடியாது. நேரம் எடுக்க ஐஐஓ தரும் ஃபங்ஷனையே அழையுங்கள்.

கெர்னலின் டிக் எண்ணிக்கையான ஜிஃபீஸ் இதற்கானது அல்ல. எச்இசட் (நொடிக்கு எத்தனை டிக்) 250 என்றால் 4 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் அது நகரும்.

கடிகாரம் சரியாக இருந்தும் இடம் தவறினால் பயனில்லை. த்ரெட் ஹேண்ட்லரில் (இன்டரப்ட், அதாவது வன்பொருளின் அழைப்பு வந்தபின் சற்றுத் தாமதமாக ஓடும் பகுதி), அதுவும் ஐ2சி (சென்சாரை இணைக்கும் பஸ்) வழியாக டேட்டாவைப் படித்து முடித்த பிறகு நேரம் எடுப்பதைப் பல டிரைவர்களில் பார்க்கலாம். ஷெட்யூலர் (எந்த வேலை எப்போது ஓடும் என முடிவு செய்யும் பகுதி) தாமதமும் பஸ் தாமதமும் அதில் சேர்ந்துவிடும், அதுவும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில். ஹார்ட் ஐஆர்க்யூ ஹேண்ட்லரின் (இன்டரப்ட் வந்ததும் உடனே ஓடும் பகுதி) முதல் வேலையாக நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என்எம்ஐ (தடுக்க முடியாத இன்டரப்ட்) உள்ளே என்றால் சாதாரண ஃபங்ஷன் சிக்கிக்கொள்ளலாம். அதற்கென்றே உள்ள வேகமான வகையை அழைக்க வேண்டும்.

சென்சாரில் ஃபைஃபோ (சாம்பிள்களை வரிசையாகச் சேர்த்துவைக்கும் நினைவகம்) இருந்தால் ஒரே இன்டரப்டில் பல சாம்பிள்கள் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தைப் போட்டுவிடாதீர்கள். இன்டரப்ட் நேரத்திலிருந்து சாம்பிள் இடைவெளியைப் பின்னோக்கிக் கழித்து ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் கொடுங்கள்.